இருபத்திரண்டு குருவிப் புத்தகம்

பசை காயறதுக்குள்ள மடிச்சிரணும் டீச்சர். அதனால கையை நிறுத்தாமப் பேசுறேன், மரியாதை இல்லாத பிள்ளைன்னு நினைச்சுக்காதீங்க. மருந்துக்கடைக் கவர் இது. மாத்திரை போட்டுக் குடுப்பாங்கள்ல, அது. இப்படி ஓரத்தை மடிச்சு, விரலால ஒரு இழுப்பு, அடியை ஒட்டிட்டா முடிஞ்சுது. நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கொஞ்சம் ஆடும், சுவத்துப் பக்கமா சாச்சுக்கங்க.

கணக்கெடுப்புக்கு வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டீங்க. மூணு பேரு. நான், எங்க வீட்டுக்காரரு, என் மக.

இல்ல டீச்சர், மக இப்ப இங்க இல்ல. மதுரையில இருக்கா, எங்க மதினி வீட்டுல. வீட்டுக்காரரோட அக்கா. ஆனா மூணுன்னே எழுதிக்கங்க.

இங்க தங்கியிருக்கவங்களை மட்டும்தான் எழுதணுமா? அவ போயி ஒன்றரை வருஷம் ஆச்சுதான். ஆனா அது போனது மாதிரி இல்ல. சொன்னா உங்களுக்குப் புரியும். நான் இப்படிப் பேசுறவளே இல்ல. இந்த லைன் வீட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, மேகலா வாயைத் திறந்து பார்த்திருக்கீங்களான்னு. குழாயடியில என் குடத்தைத் தள்ளி வச்சாக்கூட பின்னாடி போய் நின்னுக்குவேன். நீங்க பேனாவைப் பிடிச்சுக்கிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டீங்க. எழுதுறவங்ககிட்டச் சரியாச் சொல்லணும் இல்லையா.

எனக்கு முதல்ல ரெண்டு தங்கல டீச்சர். ஒண்ணு பதினோரு நாளு. ஒண்ணு கண்ணைத் திறக்கவே இல்ல. மூணாவதா இவ பொறந்தப்ப, எங்க மாமியாரு, இப்ப அவங்க இல்ல, அவங்க சொன்னாங்க, இதைத் தவிட்டுக்கு வித்திருவோம்னு. எங்க பக்கம் அப்படிச் செய்வாங்க. தங்காத வயித்துல பொறந்த பிள்ளையை, வேற ஒருத்தருக்கு ஒரு படி தவிட்டுக்குக் குடுத்திரணும். சும்மா பேருக்குத்தான். அப்புறம் அடுத்தவங்க பிள்ளையை வளர்க்கிற மாதிரி நம்மளே வளர்க்கணும். எமன் வந்து பார்த்தா, அடடா இது இவ பிள்ளை இல்லையேன்னு போயிருவானாம்.

காளியம்மன் கோயில்ல வச்சுத்தான் குடுத்தேன். மதினி முந்தானையை விரிச்சு வாங்கிக்கிட்டாங்க. அவங்களுக்குப் பிள்ளை கிடையாது. மஞ்சத்துணியில ஒரு படி தவிட்டை முடிஞ்சு என் மடியில வச்சாங்க. "வாங்கிட்டேன்டி, இனிமே இது என் பிள்ளை"ன்னு மூணு தடவை சொன்னாங்க. அப்படிச் சொல்லணும், அது முறை. எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன்.

மாமியாரு அப்பவே சொல்லிட்டாங்க. அஞ்சு வயசு முடிஞ்சதும் அதே ஒரு படி தவிட்டையும் ஒரு சேலையையும் வச்சுக் குடுத்து மீட்டுக்கணும். வாங்குனவ பிள்ளையைத் தூக்கிப் பெத்தவ மடியில வைக்கணும். அதுவரைக்கும் பெத்தவ வாயில "என் பிள்ளை"ன்னு வரக்கூடாது.

நான் வர விடல டீச்சர். பயம். ரெண்டை எமனுக்குக் குடுத்தவ இல்லையா. இவ பேச ஆரம்பிச்சப்ப முதல்ல "ம்மா"ன்னுதான் சொன்னா. நான் அவ வாயைப் பொத்திட்டேன். "அம்மா மதுரையில இருக்காங்கடா, நான் அத்தை"ன்னு நானேதான் சொல்லிக் குடுத்தேன். "அத்... தை"ன்னு ரெண்டு துண்டாச் சொல்லுவா. அவங்க அப்பாவை மாமான்னு சொல்லுவா. எங்க வீட்டுக்காரரு ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான்தான் சமாதானம் சொன்னேன். அஞ்சு வயசு என்ன, கண்ணை மூடித் திறந்தா வந்திரும்னு.

பேரு முத்துநிலா. நான் வச்ச பேரு.

மூணரை வயசுல மதினி வந்தாங்க. "இந்த லைன் வீட்டுல பசை நாத்தத்துல எதுக்கு மேகலா இது கிடக்கணும்? அங்க நல்ல ஸ்கூலு. வேன் வாசல்ல வந்து நிக்கும்"னாங்க. எனக்குச் சரின்னுதான் பட்டுச்சு. அஞ்சு வரைக்கும் எப்படியும் அவங்க பிள்ளைதானே, அங்க இருந்தா இன்னும் பத்திரம். இவளுக்கு அப்பப்ப வீசிங் வரும். மதினி விடிய விடியத் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பாங்க, அதைச் சொல்லாம இருக்கக்கூடாது. நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க.

அதை விடுங்க. நான் சொல்ல வந்தது புத்தகத்தைப் பத்தி. அதுலதான் எனக்கு மனசு ஆறல.

போன ஆவணியில அவளுக்கு அஞ்சு வயசு முடிஞ்சுது. மதினி பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாங்க, "பிறந்தநாளைப் பெருசாக் கொண்டாடுறோம், கிளாஸ் பிள்ளைக எல்லாம் வருதுக, நீங்களும் வந்திருங்க"ன்னு. இவ போனைப் பிடுங்கி, "அத்தை, வர்றவங்களுக்கு ரிட்டன் கிஃப்ட் குடுக்கணும், நீ செய்வியா?"ன்னா. என்கிட்டக் கேட்டா டீச்சர்! எனக்குக் கையில இறக்கை முளைச்ச மாதிரி ஆயிருச்சு. "பேரைச் சொல்லு தாயி"ன்னு சொல்லி, கவர்த்தாள்ல ஒவ்வொண்ணா எழுதுனேன். ரித்விக், தியா, அனன்யா, ஃபர்ஹான்... எனக்கு எழுதவே வரல சிலது. இருபத்தி ஒரு பேரு. அவளோட சேத்து இருபத்திரண்டு.

எங்க வீட்டுக்காரரு பிரஸ்ல கட்டிங் மெஷின்ல நிக்கிறாரு. காலண்டரு, கல்யாணப் பத்திரிகை வெட்டுனா ஓரத்துல துண்டு விழும். நல்ல ஆர்ட் பேப்பரு, வழுவழுன்னு இருக்கும். குப்பைக்குத்தான் போகும். முதலாளிகிட்டக் கேட்டு ஒரு சாக்கு கொண்டாந்தாரு. உள்ளங்கை அளவுக்கு ஒண்ணுபோல வெட்டி, மூலையெல்லாம் குத்தாம உருட்டி விட்டாரு. நான் நடுவுல ஊசி நூல் போட்டுத் தைச்சேன். அட்டைக்குப் பழைய காலண்டர் படம். சாமி படத்தை மட்டும் எடுக்கல, காலு பட்டுரும்னு. பூவு, மலை, கப்பல் இதெல்லாம்தான்.

அதுக்குள்ள என்ன வைக்கிறதுன்னு யோசிச்சேன். ஒவ்வொரு தாள் ஓரத்துலயும் ஒரு குருவி வரைஞ்சேன். முதல் தாள்ல கீழ உக்காந்திருக்கும். அடுத்த தாள்ல இறக்கையைக் கொஞ்சம் தூக்கும். அடுத்ததுல இன்னும் கொஞ்சம். கட்டைவிரலால சர்ருன்னு விட்டா குருவி பறக்கும் டீச்சர், நிஜமாவே பறக்கும்! கடைசித் தாள்ல ஒண்ணுமே இருக்காது. பறந்து போயிருச்சு. ஒரு புத்தகத்துக்கு இருபத்தி நாலு தாள். ஐநூறு குருவிக்கு மேல வரைஞ்சேன். கவர் வேலையைப் பாதி விட்டுட்டேன், ஏஜென்ட் அண்ணன் சத்தம் போட்டாரு. பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா வந்து பார்த்துட்டு, "அடியே, நீ வரையற வேகத்துக்குக் குருவி முட்டை போட்டுக் குஞ்சே பொரிச்சிரும்"னு கேலி பண்ணாங்க.

புத்தகம் ஒரு பையில. இன்னொரு பையில சேலை, நல்ல மாம்பழக் கலரு, அடியில மஞ்சத்துணியில ஒரு படி தவிடு. அதே தவிடான்னு கேக்காதீங்க. அது அப்பவே வண்டு வச்சுப் போச்சு. வருசா வருசம் பொங்கலுக்கு மாத்தி வச்சேன். படி அதே படிதான். துணி அதே துணிதான்.

மதுரை பஸ்ல ஏறுனதுலேருந்து எனக்கு ஒரே நினைப்பு. திரும்பி வரும்போது மூணு டிக்கெட்டு. ஜன்னல் பக்கம் அவளை உக்கார வைக்கணும்.

மதினி வீடு மூணாவது மாடியில. வாசலெல்லாம் பலூனு. நடுவுல பெரிய கேக்கு. அதுமேல இங்கிலீஷ்ல ஏதோ எழுதியிருந்துச்சு. நான் அஞ்சாவது வரைக்கும்தான் டீச்சர், அதுவும் இங்கிலீஷு எனக்கு ஏறாது. கடைப் பேரா இருக்கும்னு விட்டுட்டேன். இவ இளஞ்சிவப்புக் கவுன் போட்டு ஓடி வந்தா. "அத்தை, புக்கு கொண்டு வந்தியா?"ன்னு பையைத்தான் கட்டிக்கிட்டா. பரவால்ல, பைக்குப் பின்னாடி நான்தானே இருந்தேன்.

யாரோ மேஜிக் காட்டுறவரு வர்றதா இருந்துச்சாம், வரல. பிள்ளைக ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு, அழுகை, கூச்சல். மதினிக்குக் கை ஓடல. "மேகலா, இதுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கடி, புண்ணியமாப் போகும்"னாங்க. பெரியவங்க முன்னாடிதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். பிள்ளைககிட்ட அப்படி இல்ல. அடுப்படிக்குப் போயி பீட்ரூட் துருவிப் பிழிஞ்சேன், ஒரு கிண்ணத்துல மஞ்சப்பொடி கரைச்சேன். வெண்டைக்காயைக் காம்புப் பக்கமா வெட்டிச் சாயத்துல தொட்டுத் தாள்ல ஒத்துனா, அஞ்சு இதழ்ப் பூ விழும். ஒரு பிள்ளைக்குக் காட்டுனேன், எல்லாம் வந்து மேல விழுந்துருச்சுக. அப்புறம் சட்டைப் பட்டன்ல நூலைக் கோத்து முறுக்கி இழுத்தேன். கிர்ர்ருன்னு ஒரு சத்தம். ஃபர்ஹான்ங்கிற பையன், "ஆன்ட்டி, இதுக்கு பேட்டரி எங்க இருக்கு?"ன்னு கேட்டான். "உன் கையிலதான்டா இருக்கு"ன்னேன். சிரிச்சு உருண்டான். ரெண்டு மணி நேரம் ஒரு பிள்ளை அழல டீச்சர்.

ஒரு அம்மா வந்து மதினிகிட்ட, "யாரு இவங்க? ரொம்ப நல்லாப் பார்த்துக்கிறாங்களே, எங்க வீட்டு ஃபங்ஷனுக்கும் வருவாங்களா?"ன்னு கேட்டாங்க. மதினி, "எங்க ஊர்க்காரப் பொண்ணு"ன்னு சொன்னாங்க. அவசரத்துல சொன்னது. தம்பி பொண்டாட்டின்னா இன்னும் நாலு கேள்வி கேப்பாங்க, அதுக்கு நேரம் ஏது.

அப்புறம் புத்தகம் குடுத்தேன். பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். ரித்விக் வந்தான். தியா வந்தா. ஒவ்வொருத்தரும் சர்ருன்னு விட்டுப் பார்த்துட்டு, "ஏய் பறக்குது!"ன்னு கத்துச்சுக. என் வாழ்க்கையில நான் அவ்வளவு சத்தமாப் பேரைக் கூப்பிட்டதில்ல. கடைசியா ஒரு புத்தகம் இருந்துச்சு. அதுக்குத்தான் நல்ல அட்டை, மயில் படம். "முத்துநிலா"ன்னு கூப்பிட்டேன்.

யாரும் வரல.

பிள்ளைக ஒண்ணை ஒண்ணு பார்த்துச்சுக. "அப்படி யாரும் எங்க கிளாஸ்ல இல்ல ஆன்ட்டி"ன்னு தியா சொன்னா. "ஆத்யாவுக்குத்தான் புக்கு வரல." ஐயோ, ஒரு பிள்ளையை விட்டுட்டேனே, அது ஏங்கிப் போயிருமேன்னு நாலு பக்கமும் தேடுறேன். "யாரும்மா ஆத்யா? இங்க வா தாயி, உனக்கு அத்தை ஊருக்குப் போய்ச் செஞ்சு அனுப்புறேன்"னு சொல்லிக்கிட்டே தேடுறேன்.

இளஞ்சிவப்புக் கவுன் எந்திரிச்சு வந்துச்சு டீச்சர். என் கையில இருந்த புத்தகத்தை மெதுவா வாங்கிக்கிட்டா. என்னைக் குனிய வச்சு, காதுல, "அது என் ஊர்ப் பேரு அத்தை, இங்க சொல்லக்கூடாது"ன்னா.

ஸ்கூல்ல ஏதோ செல்லப் பேரு வச்சிருப்பாங்க. பிள்ளைகளுக்கு ரெண்டு பேரு இருக்கிறது வழக்கம்தானே. உங்க ஸ்கூல்லயும் இருக்கும்ல?

பிள்ளைக கிளம்புறப்ப மதினி கடைப் பையைக் குடுத்தாங்க. உள்ள டப்பா, பென்சில் பாக்ஸு, சாக்லேட்டு, எல்லாம் பளபளன்னு. பிள்ளைகளுக்கு ரெண்டு கைதானே, டப்பாவைப் பிடிக்க என் புத்தகத்தைக் கீழ வச்சிருச்சுக. சோபா மேல, நாற்காலிக்கு அடியில, ஒண்ணு கேக்குக்குள்ளயே கிடந்துச்சு. எல்லாரும் போனப்புறம் பொறுக்குனேன். பதினெட்டு இருந்துச்சு. அப்ப மூணு பேரு எடுத்துட்டுப் போயிருக்காங்க டீச்சர். மறந்துபோய் எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாங்க. ஆசைப்பட்டுத்தான் எடுத்துருப்பாங்க.

என் மக ஜன்னலோரம் உக்காந்து அவ புத்தகத்தைச் சர்ரு சர்ருன்னு விட்டுக்கிட்டு இருந்தா. "அத்தை, கடைசியில குருவி எங்க போச்சு?"ன்னா. "பறந்து போயிருச்சுடா"ன்னேன். கொஞ்ச நேரம் என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தவ, "அத்தை! இங்க பாரு, பின்னாடியிலருந்து விட்டா திரும்பி வருது!"ன்னா. நிஜந்தான். கடைசித் தாள்லருந்து விட்டா, ஒண்ணுமில்லாத இடத்துல இருந்து குருவி வந்து, இறக்கையை மடக்கிக் கீழ உக்காருது. ஐநூறு குருவி வரைஞ்சவளுக்கு அது தோணவே இல்ல டீச்சர். அவளுக்குத் தோணியிருக்கு.

அதைப் பார்த்த தைரியத்துலதான் பையை எடுத்துக்கிட்டு மதினிகிட்டப் போனேன். அடுப்படியில கேக்குக் கத்தியைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. பஸ்ல வர்றப்பவே சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன். "மதினி, அஞ்சு முடிஞ்சிருச்சு, என் பிள்ளையை என் மடியில வைங்க." இவ்வளவுதான். வாயில வரல. "மதினி, இது..."ன்னு பையை நீட்டுனேன்.

சேலையை எடுத்துப் பார்த்தாங்க. "எதுக்குடி எனக்கு இதெல்லாம், நல்லா இருக்கு"ன்னு தோள்ல போட்டுப் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் முடிச்சை அவுத்தாங்க. "என்னடி இது, தவிடா? இங்க எந்த மாட்டுக்குடி கொண்டாந்தே?"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சவங்க பாதியில நிறுத்திட்டாங்க. என் முகத்தைப் பார்த்தாங்க. குழாயை மூடக்கூட இல்ல, தண்ணி பாட்டுக்குப் போகுது.

"அதையெல்லாம் இன்னும் நினைச்சுக்கிட்டா இருக்க?"ன்னாங்க. அவங்களே திரும்ப முடிச்சுப் போட்டு, என் பையில வச்சு, என் கையைப் பிடிச்சு அமுக்குனாங்க. "கொஞ்ச நாள் ஆகட்டும் மேகலா"ன்னாங்க. அப்புறம்தான் போய்க் குழாயை மூடுனாங்க.

நான் சரின்னு தலையாட்டிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு வெளிய செருப்பு கிடக்கிற இடத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, உள்ளயே வரல. அவரை வளர்த்தது அக்காதான். பஸ்ல வர்றப்ப ஒரே ஒரு வார்த்தை பேசுனாரு. "அக்காவுக்கு யாரு இருக்கா?" அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. மூணு பேரு உக்கார்ற சீட்டு. நடுவுல பையை வச்சுக்கிட்டு வந்தோம்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சேலையை வாங்கிக்கிட்டாங்க. தோள்ல போட்டுப் பார்த்தாங்க. தவிடுதான் பாக்கி. அப்ப பாதி மீட்டாச்சுன்னுதானே அர்த்தம்? தவிடு அந்தா, அந்த மாடத்துல இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தானே. அதான் மூணுன்னு எழுதச் சொன்னேன்.

பேப்பர் ஏதாச்சும் இருக்கான்னா கேக்கிறீங்க? ஸ்கூல்ல சேர்த்தப்பப் போட்டதுதான். இவ மதுரைக்குப் போன வருசம் சித்திரையில மதினி எங்க ரெண்டு பேரையும், வாசல்ல பத்திரம் எழுதுறவங்க உக்காந்திருக்கிற ஒரு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. படி ஏறி ஏறிக் காலு வலிச்சுப் போச்சு. பச்சைக் கலர்ல கெட்டித் தாளு. அதுல எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து. நான் கையெழுத்து நல்லாப் போடுவேன், முத்து முத்தா. ரேகை வேற வச்சாங்க, என்னைப் போட்டோகூடப் பிடிச்சாங்க. "சம்மதம்தானேம்மா?"ன்னு ஒரு அதிகாரி கேட்டாரு. பிள்ளை படிக்கிறதுக்குச் சம்மதம் இல்லாம இருக்குமா? சம்மதம்னேன். எங்க வீட்டுக்காரரு அப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நின்னாரு. ஒரு பிள்ளையை எல்.கே.ஜி சேர்க்க இவ்வளவு சடங்கான்னு நான் அதிசயப்பட்டேன். நீங்க டீச்சராச்சே, உங்களுக்குத் தெரியும். பெரிய ஸ்கூல்ல எல்லாம் அப்படித்தானே கேப்பாங்க?

ஏன் டீச்சர் பேனாவை மூடிட்டீங்க?

வெயில்ல வந்தது, தலை சுத்துதா? தண்ணி தரட்டா? கை பசையா இருக்கு, கழுவிட்டுத் தர்றேன். இருங்க, உங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தா ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போங்க. பதினெட்டும் அந்தச் சாக்குலதான் இருக்கு. மேல பேரு எழுதியிருக்கும், அழிச்சுக்கலாம். பின்னாடியிலருந்தும் விட்டுக் காட்டுங்க, மறந்திராதீங்க.

யாரு, ஜெயக்கொடி அக்காவா? இங்கதான் இருக்கேன்!

"மேகலா, மதுரை போனு! உன் மதினிடி. பிள்ளையோட பர்த் சர்ட்டிஃபிகேட்டு, அந்த ஒரிஜினல் உன்கிட்டத்தான் இருக்காம். பேரு மாத்திப் பதியணுமாம், உடனே குடுத்து அனுப்பச் சொல்றாக. வெரசா வா, லைன்ல நிக்கிறாக!"

வர்றேங்க்கா, கையைத் துடைச்சுக்கிட்டு வர்றேன். பார்த்தீங்களா டீச்சர், ஞாயித்துக்கிழமைதான் பேசுவாங்க, இன்னைக்கு புதன்கிழமையே கூப்பிடுறாங்க. அந்த ஆத்யாவை எடுத்துட்டு முத்துநிலான்னு மாத்தத்தான் கேப்பாங்க, வேற எதுக்கு. நான் ஓடிட்டு வந்திர்றேன், நீங்க அதுக்குள்ள எழுதிக்கங்க. பேரு முத்துநிலா, வயசு அஞ்சு, அதுக்குப் பக்கத்துல அம்மா பேருன்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல...